அக்காவின் கைக்கடிகாரம்

பெங்களூரு நகரத்தில் பீன்யா என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தொழிற்சாலைகள் அதிகம். அவற்றில் ஒன்று சட்டை தைக்கும் தொழிற்சாலை. கன்னடம் பேசும் பெண்கள், தமிழ் பேசும் பெண்கள், தெலுங்கு பேசும் பெண்கள் எல்லோரும் அங்கே வேலை செய்கிறார்கள். வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். இரண்டாம் வரிசையில், ஆறாவது மெஷினில் காலர் தைக்கும் பெண்ணை எல்லோரும் 'அக்கா' என்றே கூப்பிடுவார்கள்.

அக்காவுக்குக் காலை 9 மணிக்கு வேலை தொடங்கும். மாலை 5.30க்கு முடியும். அவசர ஆர்டர் வந்துவிட்டால் அதற்கு மேலும் இருந்து தைக்க வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்துக்குத் தனிக் கூலி உண்டு. தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலைக்கு இரண்டு மடங்கு கூலி என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்த விதி.

கூடுதல் நேரம் எவ்வளவு? அதைச் சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவார். அவர் எழுதியதுதான் கணக்கு.

வேலை செய்யும் இடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. ஆனால் அது ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது. ஆறாவது மெஷினிலிருந்து பார்த்தால் தூண்தான் தெரியும்.

ஒருநாள் வேலை முடிந்து அக்கா வெளியே வந்தார். பெட்டியிலிருந்து போனை எடுத்தார். மணி 6.25. மறுநாள் நோட்டைப் பார்த்தார். 'அரை மணி' என்று எழுதியிருந்தது.

"சார், நேத்து நான் 55 நிமிஷம் தைச்சேனே?"

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? கேட்டுல நின்னு பேசிட்டுப் போன் எடுத்திருப்பீங்க."

அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு மகளுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒருநாள் விட்டுப்போனது 25 நிமிடம். மாதத்தில் பத்து நாள் இப்படி ஆனால் 250 நிமிடம். இரண்டு மடங்கு கூலி என்றால் 500 நிமிடக் கூலி. அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரு முழு நாள் கூலி!

"அம்மா, நீ ஒரு வாட்ச் வாங்கிக்கோ" என்றாள் மகள்.

அக்கா இரண்டு வருடங்களுக்கு முன்புதான் மாலை வகுப்பில் எழுத்தும் எண்ணும் படித்தவர். பஸ் நம்பர் படிப்பார். சீட்டுக் கணக்கு எழுதுவார். ஆனால் கையில் கடிகாரம் கட்டியது இல்லை. சீட்டுப் பணத்தில் 1,200 ரூபாய் எடுத்து வைத்தார்.

மூன்று கடிகாரங்கள்

வாட்ச் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

தம்பி ஒரு வாட்சைக் கொண்டுவந்து காட்டினான். தங்க நிறத்தில் பளபளத்தது. பெரிய வெளிநாட்டுக் கம்பெனி பெயர் அதில் இருந்தது. "மார்க்கெட் நடைபாதையில வாங்கினேன் அக்கா. கடையில இது லட்சக்கணக்குல விலை. எனக்கு 600 ரூபாய்க்குக் கிடைச்சுது. உனக்கும் ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அப்பா கட்டிய பழைய எச்.எம்.டி. வாட்ச் இருந்தது. அது ஓடி பல வருடம் ஆகிவிட்டது. "இதை ரிப்பேர் பண்ணிக்கோ. காசு எதுக்கு வீணாக்குற?"

மகள் சொன்னாள்: "கடைக்குப் போய்ப் புதுசு வாங்கலாம்மா."

எது நல்லது? அக்காவுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு ஜாலஹள்ளி கிராஸ் பக்கம் போனார். அங்கே ஒரு வயதானவர் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாட்ச் ரிப்பேர் செய்கிறார். எல்லோருக்கும் அவர் வாட்ச் தாத்தா.

தம்பியின் வாட்ச்

தாத்தா முதலில் தம்பியின் கையைப் பார்த்தார். "கழட்டுப்பா, பார்ப்போம்" என்றார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"இந்த டயல்ல மூணு சின்ன வட்டம் இருக்கே, ஒவ்வொண்ணுலயும் ஒரு முள் இருக்கே, அது நகருதா?"

தம்பி உற்றுப் பார்த்தான். நகரவில்லை.

"இந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்து."

அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை.

"எல்லாம் சும்மா ஒட்டி வெச்சது. பேரும் அந்தக் கம்பெனியோடது இல்ல. முலாம் பூசின மட்டமான உலோகம். வேர்வை பட்டா ஆறே மாசத்துல கறுக்கும். சிலருக்குக் கையில அரிக்கும். உள்ளே இருக்கிற மெஷின் நின்னா ரிப்பேர் இல்ல, தூக்கித்தான் போடணும்."

தம்பியின் முகம் வாடிவிட்டது. "இப்ப நல்லாத்தான் ஓடுது தாத்தா" என்றான்.

"ஓடும். ஓடுற வரைக்கும் கட்டிக்கோ. ஆனா அக்காவுக்கு வாங்கிக் குடுக்காதே. பில் இல்ல, வாரண்டி இல்ல. வித்தவன் அடுத்த வாரம் அங்கே இருப்பானான்னும் தெரியாது."

அப்பாவின் வாட்ச்

பிறகு துணி முடிச்சை அவிழ்த்தார் தாத்தா. பழைய எச்.எம்.டி.யைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இது இங்கேயே பொறந்ததும்மா. இதே ஜாலஹள்ளியில."

எச்.எம்.டி. அரசாங்கக் கம்பெனி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடன் சேர்ந்து 1961இல் பெங்களூருவில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதலில் வந்த கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். அதற்கு முன்பு நல்ல வாட்ச் என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஜனதா, பைலட், சோனா என்று பல பெயர்களில் எச்.எம்.டி. வாட்சுகள் வந்தன. இந்தி எண்கள் போட்ட டயலும் வந்தது. கண் தெரியாதவர்கள் மூடியைத் திறந்து விரலால் தடவி மணி பார்க்கும் பிரெய்ல் வாட்சும் வந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெறுபவருக்கும் எச்.எம்.டி. வாட்ச் கொடுப்பது ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் வழக்கம். பிறகு பாட்டரி வாட்சுகள் வந்தன. எச்.எம்.டி. பின்தங்கியது. 2016இல் மத்திய அரசு அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட முடிவு செய்தது.

தாத்தா வாட்சின் பின்மூடியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னச் சக்கரங்கள் தெரிந்தன. நடுவே சிவப்பாகச் சில புள்ளிகள் மின்னின.

"இது என்ன தாத்தா, ரத்தினமா?"

"பேரு கல்லுதான். 17 கல்லு. ஆனா இது செயற்கைக் கல்லு. விக்கப் போனா காசு வராது. சக்கரத்தோட அச்சு இந்தக் கல்லுல சுத்தும். அதனால தேயாது."

இது சாவி கொடுக்கும் வாட்ச். தினமும் காலையில் பக்கத்தில் உள்ள சாவியைத் திருக வேண்டும். திருகும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. அந்த வில் மெல்ல மெல்லத் தளரும்போது சக்கரங்கள் சுழலுகின்றன. ஒரு சின்னச் சக்கரம் மட்டும் முன்னும் பின்னும் ஆடி, வில் ஒரேயடியாகத் தளராமல் பார்த்துக்கொள்கிறது. காதில் வைத்தால் 'டிக் டிக்' என்று கேட்பது அதனால்தான். இந்த வாட்சில் ஒரு நொடிக்கு ஐந்து டிக். ஒருமுறை முழுசாகச் சாவி கொடுத்தால் ஒரு நாளுக்கு மேல் ஓடும்.

"எண்ணெய் காய்ஞ்சு போச்சு. சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டா ஓடும். வில்லு நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன். நல்லா ஓடினாலும் நாளுக்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகும். பழசுக்கு அதுக்கு மேலயும் ஆகலாம். தினமும் சாவி குடுக்கணும். தினமும் சரி பார்க்கணும். கீழே போடக் கூடாது. தண்ணி படக் கூடாது. நீ எதுக்கும்மா வாட்ச் கேக்குற?"

அக்கா தொழிற்சாலைக் கதையைச் சொன்னார்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்ப உனக்கு இது ஆகாது. உன் வாட்ச் ரெண்டு நிமிஷம் தப்பாக் காட்டினாலும், எல்லாமே தப்புன்னு சொல்லிடுவாங்க. இதை வீட்டுல வெச்சுக்கோ. நல்ல நாள்ல கட்டிக்கோ."

பழையது வாங்கலாமா?

பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பழைய வாட்ச் வாங்கவே கூடாதா தாத்தா?" என்றார்.

"யார் சொன்னா? நல்ல பழசு கிடைச்சா வாங்கலாம். பார்த்து வாங்கணும்."

பழைய வாட்ச் வாங்கும்போது பார்க்க வேண்டியதைத் தாத்தா தன் பெட்டியிலிருந்த இரண்டு வாட்சுகளை வைத்தே காட்டினார். இரண்டிலும் எச்.எம்.டி. என்றே எழுதியிருந்தது. ஒன்றின் டயல் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. இன்னொன்றின் டயல் நேற்றுச் செய்ததுபோல ஊதா நிறத்தில் பளபளத்தது.

"எது நல்லது, சொல்லு?"

அக்கா ஊதாவைக் காட்டினார்.

தாத்தா சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. அது பல வாட்சோட பாகத்தைச் சேர்த்துக் கட்டினது. டயலுக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சு, பேரை அச்சடிச்சிருக்காங்க. வாட்சு தேய்ஞ்சு போயிருக்கு, டயல் மட்டும் எப்படிப் புதுசா இருக்கும்?"

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபோது ஊதா டயலில் எழுத்துகள் கலங்கியிருந்தன. ஒரு கோடு சாய்ந்திருந்தது. நிமிட முள் நிமிடக் கோடு வரை எட்டவில்லை. அது வேறு வாட்சின் முள். மஞ்சள் பூத்த டயலில் எழுத்து ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்தது.

இப்படிப் பாகம் சேர்த்த வாட்சும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அதை 'அசல்' என்று சொல்லி விற்பதும், அசல் விலை கேட்பதும் ஏமாற்று.

பழைய வாட்சின் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். உள்ளே துரு இருந்தால் வேண்டாம். கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருந்தாலும் வேண்டாம். சாவியை இழுத்துத் திருப்பினால் முட்கள் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று உரசக் கூடாது. பழைய பாட்டரி வாட்ச் என்றால், செத்த பாட்டரி உள்ளே பல நாள் கிடந்ததா என்று பார்க்க வேண்டும். அது கசிந்து மெஷினை அரித்துவிடும். ஒருநாள் ஓடவிட்டுப் பார்த்து வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது. தெரிந்த கடைக்காரர் அதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்காதவரிடம் அவசரப்பட்டுப் பணத்தை நீட்ட வேண்டியதில்லை.

"சரி, எனக்கு எது தாத்தா?" என்றார் அக்கா.

"உனக்குப் பாட்டரி வாட்ச். புதுசு. பில்லோட."

பாட்டரி வாட்ச்

பாட்டரி வாட்சுக்குச் சாவி கொடுக்க வேண்டாம். உள்ளே குவார்ட்ஸ் என்ற படிகத்தின் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. பாட்டரியின் மின்சாரம் பட்டதும் அது அதிர்கிறது. ஒரு நொடிக்கு 32,768 முறை! வாட்ச் இந்த அதிர்வை எண்ணித்தான் நொடி முள்ளை நகர்த்துகிறது. அதனால் நல்ல பாட்டரி வாட்ச் ஒரு மாதத்தில் அரை நிமிடம்கூட முன்பின் ஆவது அரிது. பாட்டரி வழக்கமாக இரண்டு வருடம் வரும். விலை மலிவான வாட்சிலும் இந்தச் சரியான நேரம் கிடைக்கிறது. லட்ச ரூபாய்ச் சாவி வாட்ச்கூட இந்த விஷயத்தில் அதற்கு ஈடு இல்லை.

உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் இதைப் பரப்பியதில் டைட்டன் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. டாடா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய கம்பெனி அது. தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது.

கடையில்

அடுத்த ஞாயிறு அக்காவும் மகளும் கடைக்குப் போனார்கள். கண்ணாடி அலமாரியில் வரிசையாக வாட்சுகள். எல்லா வாட்சும் 10 மணி 10 நிமிடம் காட்டின.

"எல்லாம் நின்னு போச்சா?" என்று அக்கா மகளிடம் மெல்லக் கேட்டார்.

கடைக்காரருக்குக் காது கேட்டுவிட்டது. "பாட்டரி வீணாகாம இருக்க சாவியை இழுத்து வெச்சிருக்கோம்மா. 10.10ல வெச்சா முள் ரெண்டும் விரிஞ்சு, நடுவுல கம்பெனி பேரு நல்லாத் தெரியும். அதான்." பிறகு அவர் ஒரு தட்டை எடுத்து வைத்தார். "லேடீஸ் வாட்ச் இங்கே இருக்கும்மா."

எல்லாம் வளையல்போல அழகாக இருந்தன. ஒன்றில் நான்கு கல் மட்டும் பதித்திருந்தது. எண்ணே இல்லை. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு டயல். மகளுக்கு அது பிடித்துவிட்டது. அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்தார். மணி தெரிந்தது. ஆனால் 20 நிமிடமா 23 நிமிடமா? தெரியவில்லை.

"எனக்கு 12 எண்ணும் வேணும் சார். நடுவுல நிமிஷக் கோடு வேணும். நொடி முள் வேணும்."

"அது ஜென்ட்ஸ் மாடல்லதான் இருக்கும்."

"இருக்கட்டும்."

வெள்ளை டயல், கறுப்பு எண், கறுப்பு முள். அப்படி ஒன்றைக் கடைக்காரர் எடுத்தார். அக்காவின் கைக்கு அது கொஞ்சம் பெரிது. ஆனால் கையை நீட்டிப் பார்த்தபோதும் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. வாட்சின் உடல் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டவில்லை.

பின்பக்கத்தைத் திருப்பினார்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை மகள் படித்தாள். பின்மூடி மட்டும் எவர்சில்வர் என்று அதற்கு அர்த்தம். முழு வாட்சும் எவர்சில்வர் என்று நினைத்துவிடக் கூடாது. கையில் படுவது பின்மூடி. அதனால் அது எவர்சில்வராக இருப்பது தோலுக்கு நல்லது.

'30 மீட்டர்' என்றும் போட்டிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். நீந்துகிறவர்கள் 100 மீட்டர் என்று போட்டதை வாங்குவது நல்லது.

தோல் பட்டையா, செயினா? வேர்வையில் தோல் பட்டை சீக்கிரம் வீணாகும், நாற்றமும் வரும். ஆனால் மாற்றுவதற்குச் செலவு குறைவு. செயின் நெடுநாள் வரும். அக்கா செயினைக் கேட்டார். அதன் விலை 1,350. கையில் இருப்பது 1,200. தோல் பட்டை போட்டதன் அட்டையில் எம்.ஆர்.பி. 950 என்று இருந்தது. எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. குறைத்துக் கேட்பதற்குத் தடை இல்லை. மகள் கேட்டாள். 900க்கு வந்தது.

"பில் வேணுமா? பில் போட்டா கொஞ்சம் ஏறும்" என்றார் கடைக்காரர்.

"950க்குள்ளதானே சார் ஏறும்? பில் போடுங்க. வாரண்டி கார்டுல இன்னைக்குத் தேதி எழுதி, கடை சீல் வையுங்க."

தேதியும் சீலும் இல்லாத வாரண்டி கார்டு வெறும் அட்டைதான். அக்கா கார்டை வாங்கி, தேதியைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். வாட்சின் பின்பக்க எண்ணும் கார்டில் எழுதிய எண்ணும் ஒன்றா என்றும் பார்த்தார். வாரண்டி இருந்தும் கடைக்காரர் கவனிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அங்கேயும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள்.

ஏழு நாள் சோதனை

இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அந்த நேரத்தைக் காத்துவருகிறது. நெட்வொர்க் உள்ள போனில் தெரிவது அதற்கு மிக நெருங்கிய நேரம். வீட்டுக்கு வந்ததும் அக்கா போனைப் பார்த்து வாட்சைச் சரிவைத்தார். நொடி முள் 12க்கு வந்தபோது சாவியை இழுத்து நிறுத்தினார். போனில் அடுத்த நிமிடம் மாறிய அந்த நொடியில் சாவியை அழுத்தினார்.

ஏழு நாள் கழித்து மீண்டும் போனுடன் வைத்துப் பார்த்தார்கள். மூன்று நொடிதான் வித்தியாசம்.

நிமிடம் படிக்கவும் மகள் சொல்லிக்கொடுத்தாள். நிமிட முள் 1இல் நின்றால் 5 நிமிடம். 2இல் நின்றால் 10. எண்ணை ஐந்தால் பெருக்கினால் போதும். ஐந்தாம் வாய்ப்பாடு அக்காவுக்கு நன்றாகத் தெரியும். 4ஐத் தாண்டி மூன்று கோடு என்றால் 23.

நோட்டு

அக்கா ஒரு சின்ன நோட்டு வாங்கினார். தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் என்று மூன்று பத்தி போட்டார்.

முதல் வாரம் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டே வந்தார். பக்கத்து மெஷின் பெண் பார்த்தாள். "அக்கா, என்னோடதையும் எழுது" என்றாள். அக்கா எழுதினார். மூன்றாம் நாள் அவளே எழுதினாள்.

இரண்டாம் வாரம் ஒருநாள் வேலை முடிந்தது. சூப்பர்வைசர் நோட்டில் 'அரை மணி' என்று எழுதத் தொடங்கினார்.

"சார், மணி 6.20. 50 நிமிஷம் ஆச்சு."

"உங்க வாட்ச் வேகமா ஓடும்மா."

அக்கா கையை நீட்டினார். "உங்க போன்ல பாருங்க சார். இப்ப மணி என்ன?"

சூப்பர்வைசரிடம் போன் உண்டு. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பார்த்தார். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

போனிலும் 6.20.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியதை அடித்துவிட்டு '50' என்று போட்டார். அக்கா எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டார். பிறகு தன் நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேராக, மூன்றாம் பத்தியில் 6.20 என்று எழுதினார்.